பறவை பார்க்க வாங்க... பாலாற்றில் இறங்குமுன் உஷார்!

உத்திரமேரூர்:

மழை முடிந்து ஆற்றில் தண்ணீர் ஓடினால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடும்பம் குடும்பமாக திருமுக்கூடல் பக்கம் கிளம்பி விடுகிறார்கள். காலையில் ஆற்றுக் குளியல், மதியம் கட்டுச்சோறு, சாயங்காலம் வேடந்தாங்கலில் பறவை. செலவு கம்மி, பிள்ளைகளுக்கு கொண்டாட்டம். ஆனால் குளிக்கப் போனவர்கள் எல்லோரும் வீடு திரும்புவதில்லை. பாலாற்றிலும் செய்யாற்றிலும் மூழ்கி பலி என்ற செய்தி வராத மழைக்காலம் இல்லை. நல்லா நீச்சல் தெரிந்தவனே எப்படி செத்துப் போகிறான்? விவரம் வருமாறு:-

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம் தான் திருமுக்கூடல். உத்திரமேரூரில் இருந்து சாலவாக்கம் வழியாக போகலாம். எதிர்க்கரையில் பழையசீவரம். நடுவில் பாலம் இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதராஜ பெருமாள் பார்வேட்டைக்காக பழையசீவரம் மலைக்கும், அப்புறம் திருமுக்கூடலுக்கும் எழுந்தருள்வார். அன்றைக்கு கூட்டம் சொல்லி மாளாது. ஆற்றில் இறங்குபவர்களும் அன்றைக்குத் தான் அதிகம்.

முழங்கால் தண்ணி தானே?

வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் இங்கே ஆறு வெறும் மணல் தான். அந்த மணலையும் பல வருஷமாக அள்ளி அள்ளி, ஆங்காங்கே ஆள் உயரத்துக்கும் மேலே பள்ளம். காய்ந்து கிடக்கும்போது பள்ளம் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் வந்து விட்டால் எல்லாம் ஒரே மட்டம். மேலே கலங்கல் தண்ணீர், அடியில் கிணறு!

முழங்கால் ஆழத்தில் நடந்து போகிறவன் அடுத்த அடி வைக்கிறான். பள்ளத்தின் ஓரம் இறுகிய மண் கிடையாது, பொலபொலவென்று சரியும் மணல். கால் வைத்ததும் ஓரத்தோடு சேர்ந்து உள்ளே போய் விடுவான். மேலே ஏற மிதித்தால் மிதித்த மணலும் சரியும். நாலு தடவை மிதித்தாலே மூச்சு வாங்கி விடும். நீச்சல் தெரிந்தும் தப்பிக்க முடியாமல் போவது இதனால் தான். அண்ணன் முழுகுகிறானே என்று தம்பி குதிப்பான். தம்பியை பிடிக்க அப்பா இறங்குவார். ஒரே வீட்டில் இரண்டு, மூன்று பேர் போவது இப்படித்தான்.

தடுப்பணை பக்கம் வேறு மாதிரி ஆபத்து. சிமெண்ட் தளத்தில் பாசி படிந்து வழுக்கும். தண்ணீர் விழும் இடத்தில் அடியில் சுழல் இருக்கும். விழுந்தவரை திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். தடுப்பணை மேல் நின்று செல்போனில் போட்டோ எடுப்பவர்கள் இதை கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. பாலாறு பிறப்பது கர்நாடகாவில் நந்தி மலைப் பக்கம். செய்யாறு வருவது ஜவ்வாது மலையில் இருந்து. மழை அங்கே கொட்டும், இங்கே வெயில் அடிக்கும். அந்தத் தண்ணீர் பிறகு தான் நம் பக்கம் வரும். 2021 நவம்பரில் பாலாறு அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தெளிவாக இருந்த தண்ணீர் திடீரென செம்மண் நிறமாகி, குப்பை செத்தை மிதந்து வந்தால் துண்டைக் கூட தேடாமல் கரை ஏறி விடுங்க.

முழுகினால் என்ன செய்வது?

குதிக்காதீங்க. சேலை, வேட்டி, கயிறு எது இருக்கோ அதை வீசணும். மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேனை கயிற்றில் கட்டி வீசினாலும் அதைப் பிடித்து மிதப்பார். கரைக்கு கொண்டு வந்த பிறகு தலைகீழாக தூக்கி சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தப்பு. அதில் நேரம் தான் போகும். மூச்சு இல்லை என்றால் மல்லாக்க படுக்க வைத்து, மூக்கைப் பொத்தி வாயில் ஊதி, நடு நெஞ்சில் இரண்டு கையாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில் அழுத்த வேண்டும். ஊதுவதும் அழுத்துவதும் மாறி மாறி நடக்கட்டும். இன்னொருவர் 108க்கு போன் போடட்டும். தீயணைப்புக்கு 101.

புது இடத்தில் இறங்குமுன் கரையில் மாடு மேய்ப்பவரை, துணி துவைக்கும் அம்மாவை ஒரு வார்த்தை கேளுங்க. எந்த இடத்தில் பள்ளம் என்று அவர்களுக்குத் தான் தெரியும். குடித்து விட்டு இறங்கும் வாலிபர்களுக்கு என்ன சொன்னாலும் ஏறாது. அதனால் கூட வருபவர்கள் தான் தடுக்கணும்.

குளிக்க மனசு இல்லாதவர்கள் பழையசீவரம் மலைக்கு ஏறலாம். சின்ன மலை தான், மேலே நரசிம்மர் கோவில். திருமுக்கூடல் வெங்கடேச பெருமாள் கோவில் கல்வெட்டையும் பார்த்து விடுங்க. 11-ம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் இங்கே 15 படுக்கையோடு ஆஸ்பத்திரி நடந்ததாம்!

சாயங்காலம் வேடந்தாங்கல்

வேடந்தாங்கல் ஏரியில் குளிக்க முடியாது. கரையில் நடந்து, கோபுரத்தில் ஏறி பார்ப்பதோடு சரி. 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது இந்த ஊர் செங்கல்பட்டு பக்கம் போய் விட்டது. உத்திரமேரூர்காரர்களுக்கு இப்பவும் பக்கத்து ஊர் தான்.

வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவையை சுட, ஊர் மக்கள் சண்டைக்குப் போய், கலெக்டர் லியோனல் பிளேசிடம் 1798 வாக்கில் பாதுகாப்பு உத்தரவு எழுதி வாங்கினார்கள் என்பது இந்த ஊர் வரலாறு. சும்மா பாசம் மட்டும் இல்லை. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். தீபாவளிக்கு வெடி வேண்டாம் என்று இவர்கள் இருப்பதும் அதனால் தான். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்தில் உள்ள கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

எல்லாமே சைபீரியா பறவை என்று பிள்ளைகளுக்கு சொல்லாதீங்க. ஊசிவால் வாத்து தான் அப்படி தூரத்தில் இருந்து வருவது. நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா எல்லாம் நம் நாட்டு ஆள் தான். வயலில் நத்தையை தின்று விவசாயிக்கு உதவி செய்வதும் அந்த நத்தைகுத்தி தான்.

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல சீசன். ஏரியில் தண்ணீர் இல்லாத வருஷம் போனால் ஏமாற்றம் தான், விசாரித்து விட்டு கிளம்புங்க. மாலை 4 மணிக்கு மேல் இரை தேடப் போன கூட்டம் திரும்பும். ஆறு மணிக்குள் வெளியே வர வேண்டும். திருமுக்கூடல் - சாலவாக்கம் ரோட்டில் கல்குவாரி லாரிகள் பறக்கும். இருட்டின பிறகு பைக்கில் பிள்ளைகளை வைத்துக் கொண்டு அந்த வழியாக வராதீங்க.