தோட்டக் காரியாலய மேசையும் கணினியும்

மேசை என்பது அதன்முன் அமர்வோர் புரியும் தொழிலுக்கேற்ப அளந்து செய்யப்பெறும் ஒரு கருவியாகும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டக் காரியாலயங்களிலே பழைய மேசைகள் பேரேட்டுக்கும் பேனாவுக்குமென அமைந்தவை. இருபுறமும் இழுப்பறைகள், நடுவே முழங்கால் நுழையும் இடைவெளி, பலாவிலோ தேக்கிலோ இழைத்த கனத்த பலகை ஆகியவை அவற்றின் உறுப்புக்கள். இன்று அம்மேசைமீது கணினி வந்து அமர்கின்றது.

இதனால் விளையும் இடர் சிறிதன்று. செக்ரோலில் ஒருநாட் பெயர் விடுபடின், தொழிலாளியின் அன்றைய கூலி மட்டுமன்றி, தொழிலாளி 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்தும் சேமலாப நிதியும் குறைவுறும். நொந்த மணிக்கட்டும் கூசிய கண்ணும் பிழைக்கு இடந்தருவன.

எழுதும் மேசையின் உயரம் ஏறக்குறைய 30 அங்குலம். விசைப்பலகைக்கோ 26 அல்லது 27 அங்குலமே ஏற்றது. அவ்வுயரத்திலேதான் முழங்கை செங்கோணமாக மடிந்து, மணிக்கட்டு நேராக நிற்கும். தட்டச்சுப் பொறிக்கு அக்காலத்திலேயே தாழ்ந்த மேசை செய்தமைக்கும் காரணம் இதுவே. இதற்காக மேசையின் கால்களை அறுத்தல் வேண்டா. நடு இழுப்பறையின் முகப்பலகையைக் கீல் வைத்து முன்னே மடியச் செய்து, உள்தட்டை உலோகச் சட்டங்களில் ஓடவிட்டால், அதுவே விசைப்பலகைத் தட்டாகும். கணக்குக்கு எண்விசைகள் இன்றியமையாதவையாதலின், அவற்றுக்கும் சுட்டிக்கும் போதிய அகலம் உண்டோ என முன்னரே அளத்தல் வேண்டும்.

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழ்வாகவோ, ஒரு கை நீளத் தொலைவில் இருத்தல் நன்று. சாளரம் பக்கவாட்டில் அமைந்தால் கூச்சம் குறையும். பழைய எழுத்தரின் சாய்வுப் பலகையை எறிந்துவிடலாகாது. விசைப்பலகைக்கும் திரைக்கும் இடையே அதை வைத்துப் பதிவேட்டை அதன்மேற் சாய்த்தால், கழுத்தை ஓயாது திருப்ப நேராது.

இனி, ஈரத்தைக் கருதுவோம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கின்றது. மழைக்காலத்தில் மரம் ஊதுமாதலால், இழுப்பறையின் இருமருங்கும் சிறிது இடைவெளி விடுதல் வேண்டும். கணினிப் பெட்டியைப் பக்க அறையில் வைப்பின், பின்பலகையை அகற்றிக் காற்றோட்டம் அளிக்க வேண்டும். தரையைக் கழுவும் நீரும் கறையானும் அணுகாதபடி நான்கு அங்குலமேனும் உயர்த்துதல் நலம். கம்பிகளுக்கான துளையை மேசையின் பின்விளிம்பில் இடுக. மின்செருகியோ எளிதிற் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். இடி முழங்குமுன் மின்கம்பியையும் தொலைபேசிக் கம்பியையும் சுவரிலிருந்து கழற்றுவதே தக்க காப்பு. ஆளியை அணைத்தல் மட்டும் போதாது.

இவ்வேலைகள் யாவும் தோட்டத்துத் தச்சரின் உளிக்கும் வாளுக்கும் அடங்குவனவே. எழுத்தரை நாற்காலியில் அமர்த்தி, அவருடைய முழங்கையையும் கண்மட்டத்தையும் அளந்தபின்னரே தச்சர் மரத்தில் கோடிடுதல் வேண்டும்.