போக்கரும் இராச் சாப்பாடும்

சூதாட்டத்தைப் பற்றி ஓர் உபாத்தியாயர் எழுதப் புகுந்தால், நேயர்கள் உடனே தருமபுத்திரரை எதிர்பார்ப்பார்கள். அவரை இன்று நான் தொந்தரவு செய்யப் போவதில்லை. என்னிடம் கணக்குப் படித்த வாலிபன் ஒருவனைப் பற்றியே சொல்ல வந்தேன்.

2003-ஆம் ஆண்டில் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்கர், இணையத்தில் சொற்பக் கட்டணம் செலுத்திப் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடி, லாஸ் வேகாஸில் நடந்த உலகப் பந்தயத்துக்குள் நுழைந்தார். 25 லட்சம் டாலர் பரிசையும் வென்றார். அந்தச் செய்தி கேட்டுப் பல தேசத்து வாலிபர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆட உட்கார்ந்தார்கள். பிற்காலத்தில் என் மாணாக்கனும் உட்கார்ந்தான்.

இதில் சாமர்த்தியத்துக்கு இடமே இல்லையென்று சொல்ல மாட்டேன். 52 சீட்டுகளில் முதலில் கைக்கு வரும் இரண்டு, 1,326 விதமாய் அமையக்கூடும். இரண்டும் ஏஸாக அமைவது 6 விதமே; அதாவது 221 ஆட்டங்களுக்குச் சராசரி ஒரு தடவை. ஆகையால் தேர்ந்த ஆட்டக்காரன் பெரும்பாலும் செய்யவேண்டியது, சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் பொறுமையாய் இருப்பதுதான்!

ஆனால் ஆட்டம் நடத்தும் கம்பெனி பந்தயத் தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எல்லாரும் சமமான திறமைசாலிகளானால் எல்லாருக்கும் நஷ்டமே. லாபம் வேண்டுமானால், தன்னிலும் மட்டமாய் ஆடுகிறவர்கள் எதிரே உட்கார வேண்டும். அவர்கள் எப்பொழுது வருவார்கள்? ஆபீஸ் வேலை முடிந்து, வயிறாரச் சாப்பிட்டு, பொழுதுபோக்காக இரவில் வருவார்கள். ஆகவே, ஊரார் இலையில் உட்காரும் வேளையே இவனுக்கு அறுவடை வேளை.

போட்டியும் வரவர முற்றிற்று. 2019-இல் கார்னகி மெலன் சர்வகலாசாலையாரும் பேஸ்புக் கம்பெனியாரும் செய்த 'புளூரிபஸ்' என்னும் யந்திர மூளை, கைதேர்ந்த ஆட்டக்காரர்களையே வென்றுவிட்டது. கணிப்பொறியைக் குருவாகக் கொண்டு பயிலாதவன் பின்தங்கினான். பகலெல்லாம் படிப்பு, இரவெல்லாம் ஆட்டம் என்று ஆயிற்று என் மாணாக்கன் வாழ்க்கை. தாயார் தட்டை அறைக்குள் கொண்டுபோய் வைப்பாள். ரசம் ஆறிக் கிடக்கும்.

ஒரு நாள் இரவு தொடர்ந்து மூன்று பந்தயம் தோற்றுவிட்டான். கோபம் தலைக்கேறிக் கணக்கை மறந்து ஆடுவதை அவர்கள் 'டில்ட்' என்பார்கள். அந்த நிலையில் அவன் இருக்கையில் தாயார், "இனிமேல் தட்டு அறைக்குள் வராது. பசித்தால் நீ எழுந்து வா!" என்று சொல்லிவிட்டாள்.

முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனான். வற்றல் குழம்பு, சுட்ட அப்பளம், மோர். அரைமணி கழித்துத் திரும்பியவனுக்குத் தன் மடத்தனம் பளிச்சென்று தெரிந்ததாம். கருவியை அணைத்துவிட்டான். அதுமுதல் எட்டரை மணிக்குச் சாப்பாடு என்பது வீட்டுச் சட்டமாயிற்று.

"அதற்குப் பிறகுதான் சார், என் ஆட்டம் சீர்ப்பட்டது" என்றான்.

"கணக்கு நோட்டைக் கொண்டு வா" என்றேன்.

இருவரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். சாப்பாட்டுக்குப் பின் நிதானமாய் ஆடிய நேரத்தில் சிறிது லாபம். நடுநிசிக்குமேல் ஆடியதில் பெருத்த நஷ்டம். மீதியை உழைத்த மணிகளால் வகுத்தால், ஒரு குமாஸ்தாவின் சம்பளம்கூடத் தேறவில்லை. பையன் வெகுநேரம் பேசவில்லை.

நடுநிசி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து இணையத்தில் ஆடக் கூடாதென்று 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் விதி வந்தது. அவ்வருஷம் ஆகஸ்டில் பார்லிமெண்டு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்துச் சட்டம் செய்தது. அதற்குள் என் மாணாக்கன் ஒரு கணக்கர் ஆபீஸில் அமர்ந்துவிட்டான்.

சென்ற மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். மணி எட்டரை. "சாருக்கும் இலை போடு, அம்மா" என்றான். குழம்பு கொதிக்கக் கொதிக்க வந்தது.