பிள்ளைக்கு இங்கிலீசுப் பெயரா? பொருள் தெரிந்து வையுங்கள்!



என் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டு இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'என் பெயரும் பொருளும்' என்று ஒரு பாடம் நடத்தினேன். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று தன் பெயரையும் அதன் பொருளையும் சொல்ல வேண்டும். கயல்விழி என்றவள் "மீன் மாதிரி கண்ணு, சார்" என்றாள். கதிரவன் என்றவன் "சூரியன்" என்றான். அடுத்து எழுந்தவன் "ஜெய்டன்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். பொருள் அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரியாததை மறைக்க, "அது இங்கிலீசுப் பெயர், அதற்குப் பொருளே கிடையாது, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே அவனுடைய பாட்டி பள்ளி வாசலில் வந்து நின்றார். அவர் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன். அன்று முதல், வகுப்பில் எந்தப் புதுப் பெயர் வந்தாலும் அது எங்கே பிறந்தது என்று தேடிப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. படித்ததில் சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். பெயர் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும்.

கட்டிச் சேர்த்த பெயர்கள்

இங்கிலீசுப் பெயர்கள் எல்லாம் பழங்காலத்துப் பெயர்கள் என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. பல பெயர்களை யாரோ ஒருவர் உட்கார்ந்து கட்டியிருக்கிறார்.

வனெஸா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அதைக் கட்டியவர் ஜொனதன் ஸ்விஃப்ட் என்ற எழுத்தாளர். கலிவரின் பயணக் கதையை எழுதினாரே, அவரேதான். அவருக்கு நெருங்கிய தோழி ஒருத்தி இருந்தாள். குடும்பப் பெயர் வான்ஹோம்ரி, சொந்தப் பெயர் எஸ்தர். குடும்பப் பெயரிலிருந்து 'வான்', எஸ்தரின் செல்லப் பெயரிலிருந்து 'எஸா' என்று இரண்டையும் சேர்த்து அவளுக்கு ஒரு பெயர் கட்டி, ஒரு கவிதையும் எழுதினார். அந்தக் கவிதை 1726ஆம் ஆண்டில் அச்சாகி வெளிவந்தது. அன்று ஒருத்திக்காகக் கட்டிய பெயர் இன்று உலகெங்கும் உள்ள பெண்களுக்கு வழங்குகிறது.

வெண்டி என்ற பெயர் பரவிய கதை மனத்தை உருக்கும். ஜே. எம். பாரி என்ற நாடக ஆசிரியருக்கு ஒரு கவிஞர் நண்பர் இருந்தார். அந்தக் கவிஞரின் சின்ன மகள், 'நண்பர்' என்பதற்கான இங்கிலீசுச் சொல்லை நாக்குப் புரளாமல் 'ஃபுவெண்டி' என்று சொல்லி பாரியை அழைப்பாளாம். ஐந்து வயதிலேயே, 1894இல், அவள் இறந்துபோனாள். பத்து ஆண்டுகள் கழித்து, 1904இல், பாரி தம்முடைய பீட்டர் பான் நாடகத்தில் வரும் சிறுமிக்கு வெண்டி என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் வீடுதோறும் நுழைந்தது.

நம் காலத்தில் கட்டிய பெயருக்கு நெவேயா ஒரு நல்ல எடுத்துக்காட்டு. சொர்க்கத்திற்கு இங்கிலீசில் 'ஹெவன்' என்பார்கள் அல்லவா? அதன் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்கு எழுதிப் பாருங்கள், நெவேயா வந்துவிடும். 2000ஆம் ஆண்டில் சோனி சாண்டோவல் என்ற அமெரிக்கப் பாடகர் தம் மகளுக்கு இந்தப் பெயர் வைத்திருப்பதாகத் தொலைக்காட்சியில் சொன்னார். அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்கா முழுவதிலும் 8 குழந்தைகளுக்குத்தான் அந்தப் பெயர். 2005இல் 4,457 குழந்தைகளுக்கு வைத்துவிட்டார்கள்!

ஜெய்டனும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். எய்டன் என்பது அயர்லாந்தின் பழைய பெயர். அதற்கு 'சிறு நெருப்பு' என்று பொருள். 651ஆம் ஆண்டில் காலமான ஒரு துறவிக்கும் அந்தப் பெயர் உண்டு. எய்டனின் ஓசையைப் பிடித்துக்கொண்டு பிரெய்டன், கேய்டன், ஜெய்டன் என்று வரிசையாகக் கிளம்பின. பைபிளில் எருசலேம் மதிலைப் பழுது பார்த்தவர்களில் ஒருவருக்கு இதைப் போன்ற பெயர் இருப்பதால், அதுவே மூலம் என்று சொல்பவர்களும் உண்டு. 1990களின் நடுவில்தான் இது அமெரிக்காவின் முதல் ஆயிரம் பெயர்களுக்குள் வந்தது. 2010இல் ஆண் குழந்தைகளின் பெயர்களில் 4ஆம் இடத்தைப் பிடித்தது.

மகளுக்கு 'மகன்' என்று பெயர்

மெடிசன் என்றால் 'மாடின் மகன்' அல்லது 'மத்தேயுவின் மகன்' என்று பொருள் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் மகன்தான். அது பெண் பெயராக மாறியது ஒரு படத்தால். 1984இல் வந்த அமெரிக்கப் படம் ஒன்றில், கடலிலிருந்து கரையேறிய கன்னி ஒருத்தி நியூயார்க்கின் மெடிசன் தெருப் பலகையைப் பார்த்து, அதையே தன் பெயராக வைத்துக்கொள்கிறாள். படத்தில் அது ஒரு வேடிக்கை. ஆனால் 2001இல் அமெரிக்கப் பெண் குழந்தைகளின் பெயர்களில் அது 2ஆம் இடத்துக்கு வந்துவிட்டது. மெக்கென்சியும் இப்படித்தான். 'மெக்' என்றால் ஸ்காட்லாந்து மொழியில் மகன். இன்று அதைப் பெண்களுக்கு விரும்பி வைக்கிறார்கள்.

ஓசை இனிப்பு, பொருள் கசப்பு

கேமரன் மலையை அறியாதவர் நம்மில் உண்டா? 1885இல் அந்த மலைப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் அது. ஸ்காட்லாந்தில் அது ஒரு குலப்பெயர். 'வளைந்த மூக்கு' என்பதே அதற்கு வழக்கமாகச் சொல்லும் பொருள். மெலரி என்ற பெயர் காதுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது! அது பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பொருள், 'அதிர்ஷ்டம் இல்லாதவர்'. இந்தப் பெயர் உள்ளவர்கள் வருந்த வேண்டாம். பொருளை நினைத்து யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனாலும், வைப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

மேவரிக் என்பதும் இப்போது புதுமைப் பெயர். சாமுவேல் மேவரிக் (1803–1870) அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியில் வாழ்ந்தவர். மற்றவர்கள் எல்லாம் மாட்டுக்குச் சூட்டுக்குறி போட, இவர் தம் மாடுகளுக்குப் போடாமலே விட்டுவிட்டார். குறியில்லாமல் திரிந்த கன்றுகளை ஊரார் 'மேவரிக்' என்றார்கள். பிறகு, எந்தக் கூட்டத்திலும் சேராமல் தன் வழியே போகிற மனிதனுக்கும் அந்தச் சொல் ஆகிவந்தது. மாட்டுக் கொட்டகையில் பிறந்த பெயர் என்றாலும், மோசமான பொருள் இல்லை.

கதை முடியுமுன் பெயர் வைத்தவர்கள்

2011இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. அதில் வரும் வீரப்பெண்ணை 'கலீசி' என்று அழைப்பார்கள். கதைக்காக உண்டாக்கிய ஒரு மொழியில் 'அரசி' என்று பொருள். அது பெயர்கூட அல்ல, பட்டம். ஆனாலும் 2018இல் அமெரிக்காவில் 560 பெண் குழந்தைகளுக்கு அதைச் சூட்டினார்கள். 2019இல் தொடர் முடிந்தது. முடிவில் அந்த வீரப்பெண் ஒரு நகரத்தையே, அதிலிருந்த பிள்ளைகளோடு சேர்த்து, எரித்துச் சாம்பலாக்கிவிட்டாள்! பெயர் வைத்த பெற்றோர்கள் என்ன செய்வார்கள்? நாடகத்தையும் படத்தையும் பார்த்துப் பெயர் வைப்பவர்கள், முடிவு தெரிகிறவரை கொஞ்சம் பொறுத்திருங்கள்.

இந்தச் சங்கடம் எதுவும் இல்லாதவை செடிகொடிப் பெயர்கள். ஐவி ஒரு கொடி, வில்லோ ஆற்றோரத்து மரம், ஹேசல் கொட்டை காய்க்கும் மரம். நாம் தாமரை, மல்லிகா என்று வைப்பதைப் போலத்தான்.

நம் வீட்டுக்கு வருவோம்

புனர்பூச நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளைக்குக் 'கே' எழுத்து வந்தது என்று ஒரு தந்தை 'கேய்டன்' என்று வைத்தார். வீட்டிலிருக்கும் ஆத்தாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "காடா, காடா" என்றுதான் கூப்பிடுகிறார். பையனும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறான்!

ஆகவே, பதிவு இலாகாவுக்குப் போவதற்கு முன் இந்த நான்கைச் செய்து பாருங்கள்:

1. வீட்டிலேயே மூத்தவரை அந்தப் பெயரைப் பத்து முறை கூப்பிடச் சொல்லுங்கள்.

2. தமிழில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதத் தடுமாறினால் பிள்ளையும் நாளை தடுமாறும்.

3. இங்கிலீசு எழுத்துக் கூட்டலை முடிவு செய்து, ஒரே மாதிரி எழுதுங்கள். ஜெய்டனையே நாலைந்து விதமாக எழுதலாம். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் வேறொன்று என்றால் பிற்பாடு அலைச்சல்தான்.

4. கைப்பேசியில் வரும் பெயர்ப் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். எந்தப் பெயரைத் தட்டினாலும் 'அழகு', 'ஒளி', 'இறைவனின் பரிசு' என்றே வரும். இரண்டு மூன்று இடங்களில் ஒத்துப் பாருங்கள்.

இவற்றைவிடப் பெரியது ஒன்று உண்டு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பாட்டிதான். அன்று பள்ளி வாசலில் அவர் என்னைத் திட்டவில்லை.

"வாத்தியாரையா, என் மவன் பேரு ஜெய்யிலதான் ஆரம்பிக்கும். இவன் வயித்துல இருக்கிறப்பவே அவன் போயிட்டான். அவன் பேருல பாதியாவது வீட்டுல இருக்கட்டும்னு மருமவ இந்தப் பேர வெச்சா. நான் ஜெய்யின்னுதான்யா கூப்பிடுறேன்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஸ்விஃப்ட் தன் தோழியின் பெயரைப் பிரித்துப் பெயர் கட்டியதைப் போல, நம் தோட்டத்து மருமகள் ஒருத்தி தன் கணவன் பெயரைப் பிரித்துப் பெயர் கட்டியிருக்கிறாள். அதற்குப் பொருளில்லை என்று நான் சொல்லியிருக்கிறேன்!

அன்று முதல் பாடத்திலேயே அவனை எழுப்பி நிறுத்தினேன். "சார் நேற்றுத் தப்பாகச் சொல்லிவிட்டேன். ஜெயம் என்றால் வெற்றி. உன் பெயரில் உன் அப்பா இருக்கிறார்" என்றேன். அவன் உட்காரவே இல்லை. வகுப்பு முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

பெற்றோர்களே, தமிழ்ப் பெயரோ இங்கிலீசுப் பெயரோ, ஏன் அந்தப் பெயரை வைத்தீர்கள் என்று பிள்ளை பள்ளிக்கு வருமுன் அதற்குச் சொல்லிக்கொடுங்கள். வகுப்பில் எழுந்து நிற்கும்போது அது தலை குனியக் கூடாது.