ஆஸ்பத்திரியில் குழந்தையை உண்மையில் பார்த்துக்கொள்வது யார்? கேமராவிடம் கேட்கும் ஆய்வுகள்!

திட்டக்குடி பக்கம் ஒரு குழந்தைக்கு உடம்பு முடியவில்லை என்றால், விருத்தாசலத்துக்கோ கடலூருக்கோ அம்மா மட்டும் போவதில்லை. ஆயா, அத்தை, சாப்பாட்டுக் கூடையோடு அப்பா என்று குடும்பமே கிளம்பும். வார்டில் கஞ்சி ஊட்டுவது, துணி மாற்றுவது, டிரிப்ஸ் தீர்ந்ததும் நர்ஸைக் கூப்பிடுவது எல்லாம் இவங்கதான். கேஸ் ஷீட்டில் இதில் பாதிகூட ஏறாது.

நேரில் கேட்டாலும், "சும்மா கூட இருக்கேன்" என்றுதான் பதில் வரும். அதனால்தான் சில ஆய்வாளர்கள் கேள்வித்தாளோடு கேமராவையும் கையில் எடுக்கிறார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்?

குடும்பத்திடமே கேமராவைக் கொடுத்துவிடுவது ஒரு வழி. பெயர் 'போட்டோவாய்ஸ்'. 1990களில் சீனாவின் யுனான் மாகாணக் கிராமப் பெண்களோடு கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் உருவாக்கிய முறை. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. "இதை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டதும் வரும் பேச்சுதான் தகவல். சின்னக் குழந்தைகளை வரையச் சொல்வார்கள். கட்டில் பக்கத்தில் யாரை வரைகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று பார்த்து, அதைப் பற்றியே பேசுவார்கள்.

படத்தால் ஏதாவது மாறியதா?

மாறியது. 1950களில் பிரிட்டனின் பல ஆஸ்பத்திரிகளில் பெற்றோருக்கு வாரத்தில் சில மணி நேரமே அனுமதி. 'குழந்தை சமாதானமாகிவிடும்' என்பது வாதம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், ஆபரேஷனுக்கு வந்த இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியை 8 நாள் படம் பிடித்தார். அழுகையை மட்டும் பொறுக்கி எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! தினமும் குறிப்பிட்ட நேரத்தில், சுவர்க் கடிகாரமும் தெரியும்படி எடுத்தார். 1952இல் திரையிட்டபோது டாக்டர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் 1959இல் பிளாட் கமிட்டி, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கப் பரிந்துரைத்தது. அதில் இந்தப் படத்துக்கும் பங்குண்டு.

நம்ம ஊரில்?

பொது வார்டில் அம்மா கூடவே இருக்கிறார். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் கதவு சாத்தப்பட்டிருந்தது. டெல்லி ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரி பெற்றோரை உள்ளே விட்டு, கை கழுவுவது முதல் பால் புகட்டுவது வரை வீடியோ காட்டிப் பழக்கியது. 2017இல் மத்திய அரசு இதற்கு வழிகாட்டுதலே வெளியிட்டது. நம் வார்டுகளில் அது எந்த அளவுக்கு நடக்கிறது, பாட்டிக்கு இடம் உண்டா என்பதைப் பதிவேட்டைவிடப் படம் நன்றாகச் சொல்லும்.

உங்களிடம் கேட்டால்?

ஆய்வுக்கு உங்கள் சம்மதம் கட்டாயம். ஐசிஎம்ஆர் விதிப்படி, 7 வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடமும் இசைவு கேட்க வேண்டும். முகம் தெரியுமா, படம் எங்கே போகும் என்று தயங்காமல் கேளுங்கள். வேண்டாம் என்றாலும் சிகிச்சையில் எதுவும் குறையக் கூடாது.