பள்ளிவாசல் நேரப் பலகை ஏன் பின்தங்கியது? ராஸ்பெர்ரி பையைச் சோதித்தபோது தெரிந்தவை

சென்ற ரமலானில் ஒரு நாள். நோன்புக் கஞ்சி விநியோகம் முடிந்து எல்லோரும் ஸஃப்பில் உட்கார்ந்திருக்கிறோம். முன்சுவரில் உள்ள டிவியின் நேரப் பலகை, மஃரிபுக்கு இன்னும் 22 நிமிடம் இருப்பதாகக் காட்டுகிறது. மோதினார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பலகையைப் பார்க்கிறார், மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பிறகு எழுந்து போய் பாங்கு சொல்லிவிட்டார். அவர் செய்ததுதான் சரி. பின்தங்கியிருந்தது பலகை.

நோன்பு திறப்பதில் பிழை நேர்ந்திருந்தால் சற்றுத் தாமதம், அவ்வளவுதான். இதே 22 நிமிடம் ஸஹர் நேரத்தில் பின்தங்கியிருந்தால்? ஃபஜ்ர் வந்த பிறகும் பலகையை நம்பி மக்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், பல்லாவரம் பக்கம் இப்போது பல பள்ளிவாசல்களில் இப்படிப் பலகைகள் இருக்கின்றன. சிலர் வீட்டிலும் வைத்திருக்கிறார்கள். அதனால் எங்களுக்கு நேர்ந்ததையும், கோளாறைக் கண்டுபிடித்த விதத்தையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த டிவிக்குப் பின்னால் இருப்பது உள்ளங்கை அளவுள்ள ஒரு கணினி. ராஸ்பெர்ரி பை என்று பெயர். மாணவர்கள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வதற்காக இங்கிலாந்தில் உருவாக்கி 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். விலை குறைவு, இடமும் குறைவு என்பதால் உலகம் முழுக்கப் பள்ளிவாசல்களுக்குள்ளும் வந்துவிட்டது. எங்களிடம் இருப்பது 2019இல் வந்த நான்காம் மாடல். இதில் ஒரு குறை: பேட்டரியில் ஓடும் கடிகாரம் உள்ளே கிடையாது. கரண்ட் போய் வந்தால் இன்டர்நெட்டில்தான் சரியான நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். நெட் கிடைக்காவிட்டால் கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். அன்று நடந்தது இதுதான். பெட்டி தானாக அணைந்து எழுந்திருக்கிறது, நெட்டும் இல்லை.

கரண்ட் போகாத நேரத்தில் அது ஏன் அணைந்தது? அதுதான் கேள்வி.

ஜமாஅத் கூட்டத்தில் "போர்டு போய்விட்டது, புதிது வாங்கிவிடுவோம்" என்றார்கள். டிவியையும் சேர்த்து மாற்றலாம் என்று ஒரு யோசனை வேறு. அது ஜுமுஆ வசூலில் வந்த பணம். ஒரு வாரம் பொறுங்கள் என்று முத்தவல்லியிடம் கேட்டுக்கொண்டேன். மக்தபில் என்னிடம் ஓதிய தம்பி ஒருவர் இப்போது இன்ஜினியரிங் படிக்கிறார். அவர் லேப்டாப்போடு வந்தார். "ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போட்டுப் பார்ப்போம் ஹஜ்ரத்" என்றார்.

ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்பது கணினியை முழு வேகத்தில் வேலை வாங்கி, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்ப்பது. இதற்கு ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ராஸ்பெர்ரி பைக்கென்றே ஸ்ட்ரெஸ்பெர்ரி என்று ஒன்றும் உண்டு. அது வெப்பம் ஏறும் விதத்தைக் கோடாக வரைந்து காட்டும். தம்பி முதலில் இதைத்தான் எடுத்தார். ஓடவே மறுத்தது.

இப்படி ஓட மறுப்பதற்கும் போர்டுக்கும் சம்பந்தம் இல்லை. இதைக் கண்டு பயந்துதான் பலர் போர்டைக் குறை சொல்கிறார்கள். ஸ்ட்ரெஸ்பெர்ரி தானாகச் சுமை ஏற்றுவதில்லை. ஸ்ட்ரெஸ் என்ற இன்னொரு மென்பொருளைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுக்கிறது. அது நிறுவப்படாமல் இருந்தால் 'ஃபைல் இல்லை' என்று நின்றுவிடும். 2023 கடைசியில் வந்த இயங்குதளத்திலிருந்து, பைத்தான் மென்பொருள்களைப் பொதுவில் நிறுவவும் விடுவதில்லை. அதற்கென்று தனி அறைபோல ஒரு மெய்நிகர் சூழல் அமைத்து அதற்குள் நிறுவ வேண்டும். இரண்டையும் செய்தபின் ஓடியது.

இன்னொரு பொய்யான பயமும் உண்டு. நினைவகத்தைச் சோதிக்கும்போது பாதியில் 'கில்ட்' என்று வந்து நிற்கும். இருக்கும் நினைவகத்தைவிட அதிகம் கேட்டதால் இயங்குதளமே சோதனையை நிறுத்திவிட்டது என்பதுதான் அதன் பொருள். கேட்கும் அளவைக் குறைத்தால் ஓடும். மெமரி கார்டைச் சோதிக்கும் பகுதியை மட்டும், தினமும் பயன்படும் கார்டில் போட வேண்டாம். எழுதி எழுதியே கார்டு தேய்ந்துபோகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சோதனை தொடங்கி இரண்டு நிமிடம் இருக்கும். டிவி இருண்டது, பெட்டி மறுபடி எழுந்தது. தம்பி உடனே 'வி-சி-ஜென்-சி-எம்-டி' என்ற கட்டளையில் 'கெட் த்ராட்டில்ட்' என்று கேட்டார். கரண்ட் குறைந்ததா, சூடு ஏறியதா என்பதை ஒரே எண்ணில் சொல்லும் கட்டளை அது. பதில் பூஜ்யம். "கரண்டும் சரி, சூடும் சரி. போர்டில்தான் கோளாறு ஹஜ்ரத்" என்றார்.

நானும் ஏறக்குறைய நம்பிவிட்டேன். ஆனால் அந்தக் கட்டளையின் விளக்கத்தை உட்கார்ந்து படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. அந்த எண் கடைசியாகப் பெட்டி எழுந்ததிலிருந்து நடந்ததை மட்டுமே சொல்லும். அணைந்து எழுந்தால் முந்தைய கணக்கு அழிந்துவிடும். நாங்கள் பார்த்த பூஜ்யம் ஆரோக்கியத்தின் அடையாளம் அல்ல. சாட்சியே அழிந்துபோன பிறகு சாட்சி கேட்டிருக்கிறோம்.

எனவே முறையை மாற்றினோம். லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்து, அந்த எண்ணையும் வெப்பத்தையும் இரண்டு வினாடிக்கு ஒருமுறை வரிவரியாக அச்சிடச் சொன்னோம். பெட்டி செத்தாலும் அதன் கடைசி வார்த்தை லேப்டாப் திரையில் இருக்கும். மறுபடி சோதனை, மறுபடி அணைந்தது. கடைசி வரியில் வெப்பம் 68 டிகிரி, எண் 50005.

இதைப் படிப்பது எளிது. முன்னால் வரும் பூஜ்யம்-எக்ஸை விட்டுவிடுங்கள். கடைசி இலக்கம் இந்த நொடியில் நடப்பது, முதல் இலக்கம் இதற்கு முன் நடந்தது. 5 என்றால் வோல்டேஜ் குறைந்தது, அதனால் வேகமும் குறைக்கப்பட்டது. கடைசி இலக்கம் 8 அல்லது 6 என்று வந்தால் பெரும்பாலும் சூட்டினால். இந்த மாடலில் 80 டிகிரியில்தான் சூட்டுக்காக வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். எங்கள் பெட்டி 68இலேயே விழுந்துவிட்டது. ஆக, குற்றவாளி சார்ஜர்.

யாரோ நல்ல எண்ணத்தில் கொடுத்த செல்போன் சார்ஜர், அதோடு டிவிக்குப் பின்னால் எட்ட வேண்டும் என்று ஒரு நீளமான மெல்லிய ஒயர். செல்போன் வேகமாகச் சார்ஜ் ஆவது, போன் கேட்கும்போது சார்ஜர் வோல்டேஜைக் கூட்டுவதால். இந்தப் பெட்டி அப்படிக் கேட்பதில்லை. அதற்குத் தேவை 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தொடர்ந்து கிடைப்பது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் குறைவு என்று எச்சரிக்கும். கீழ்வீட்டில் இரண்டு குழாயைத் திறந்தால் மாடிக் குழாயில் தண்ணீர் நூலாகிவிடுமே, மெல்லிய ஒயரிலும் அதே கதை. ஒயரின் தடை 0.3 ஓம் இருந்து, 1.5 ஆம்பியர் ஓடினால், 0.45 வோல்ட் ஒயரிலேயே தொலைந்துவிடும். 5 வோல்ட்டாகப் புறப்பட்டது 4.55 ஆகத்தான் போய்ச் சேரும். சும்மா நேரம் காட்டும்போது பெட்டி தாக்குப்பிடிக்கும். அறிவிப்பு வீடியோ ஓடும் நேரத்தில் விழும். எங்கள் பலகையில் வீடியோ ஓடுவது அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்.

ரிச்சி தெருவில் ராஸ்பெர்ரி பைக்கென்றே உள்ள சார்ஜரை வாங்கி வந்து மாட்டினோம். அதே சோதனையை 20 நிமிடம் ஓடவிட்டோம். ஒருமுறைகூட 5 வரவில்லை. பெட்டியும் அணையவில்லை.

அப்போது மணி இரவு பத்து. இதோடு நிறுத்தியிருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். பெட்டி இருப்பது ஃபால்ஸ் சீலிங்குக்கு அருகே, மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள். சோதனையில் நாம் பார்க்க வேண்டியது, சுற்றியுள்ள காற்றைவிடப் பெட்டி எவ்வளவு அதிகம் சூடாகிறது என்பதை. இரவில் அறை 30 டிகிரி, பெட்டி 74 என்றால் வித்தியாசம் 44. வெயில் காலத்தில் சீலிங் பக்கம் 40 ஆகும்போது அதே பெட்டி 84ஐத் தொடும். 2003 மே கடைசியில் சென்னையில் வெளியிலேயே 45 டிகிரி அடித்த ஊர் இது. மறுநாள் லுஹருக்குப் பின் அதே இடத்தில் வைத்தே சோதித்தோம். எண்பதைத் தாண்டியது, வேகம் குறைந்தது, ஆனால் அணையவில்லை. நேரம் காட்டுவதற்கு முழு வேகம் தேவையே இல்லை என்பதால் இதைப் பெரிய கோளாறாக நான் நினைக்கவில்லை. இருந்தாலும் பிளாஸ்டிக் கூட்டை எடுத்துவிட்டு அலுமினியக் கூடு போட்டோம்.

மிச்சம் இருந்தது கடிகாரம். அந்தக் காலத்துப் பெரிய பள்ளிவாசல்களில் நேரம் கணிப்பதற்கென்றே முவக்கித் என்று ஒருவர் இருந்தார். டமாஸ்கஸ் உமையா பள்ளியின் முவக்கித் இப்னு ஷாதிர், மினாராவுக்காக 1371இல் செய்த சூரியக் கடிகாரத்துக்கு சார்ஜரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம்! நமக்கு டி.எஸ்.3231 என்ற சிறு கடிகாரப் பலகை போதும். சில நூறு ரூபாய்தான். பையின் பின்களில் செருகி, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால், கரண்டும் நெட்டும் இல்லாவிட்டாலும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் இருக்கும் வட்ட பேட்டரி ஒருநாள் தீரும். அதை மாட்டிய தேதியை அலுமினியக் கூட்டின் மேலேயே மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஷஃபானிலும் கூட்டத்தில் அதைப் பார்ப்பதென்று மினிட் புத்தகத்திலும் ஏற்றியாகிவிட்டது.