திரையில் தோன்றும் நோயாளி

புகைபிடிப்பதால் விளையும் கேட்டை அறியாத சுகாதார ஊழியர் இலர். ஆயினும், 2016-17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சிகிச்சைக்குச் சென்ற புகைபிடிப்போருள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கே அதனை விட்டுவிடுமாறு அறிவுரை கிடைத்தது. வந்தவர் மனம் புண்படுமோ என்ற கூச்சமே பலரைத் தடுக்கிறது.

அவ்வறிவுரையின் பயன் சிறிதன்று. 1979இல் வெளிவந்த லண்டன் ஆராய்ச்சியொன்றில், மருத்துவர் ஓரிரு நிமிடம் எடுத்துரைத்துத் துண்டுப் பிரசுரமும் தந்து, பின்னர் விசாரிப்பதாகவும் அறிவித்தவர்களுள் நூற்றுக்கு ஐவர் ஓராண்டு கழிந்தும் புகைக்காதிருந்தனர். ஏதும் கூறப்பெறாதாருள் ஆயிரத்துக்கு மூவரே.

கூச்சத்தைப் பயிற்சியால் போக்கலாம். 1963இல் அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஹோவர்ட் பாரோஸ், நோயாளியாக நடிக்கப் பழக்கப்பட்ட ஒருவரைக் கொண்டு மாணவரைச் சோதித்தார். இன்று கணிப்பொறித் திரையில் தோன்றும் நோயாளியும் அவ்வேலையைச் செய்கிறார். “பீடி இல்லாவிட்டால் வேலை ஓடாது” என்று அவர் கூறுவதாகக் கொள்வோம். ஊழியர் அதட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், “முன்பு விட முயன்றதுண்டா?” என வினவினால், மூன்றாம் நாளே தோற்ற கதையைச் சொல்லத் தொடங்குவார். பிறகு, விடும் நாளைக் குறிக்கலாம். 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைத் தரலாம். பேச்சுத் தவறினாலும் எவருக்கும் தீங்கில்லை, மீண்டும் தொடங்கலாம்.

கணிப்பொறி இல்லாத நிலையங்களில் ஊழியர் இருவர் மாறிமாறி நடித்துப் பழகலாம். பீடிக்காரர் வேடம் பூணுகிறவரே அதிகம் கற்பார் போலும்.