உங்களுக்குத் தெரியுமா? – இன்ஜின் ஆயில்: மினரலா, செமி சிந்தெடிக்கா?

சர்வீஸுக்கு காரை விட்டதுமே வரும் கேள்வி: “சார், மினரல் போடவா, செமி சிந்தெடிக் போடவா?” விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். பதில் சொல்வதற்கு முன் கேனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

● இன்ஜின் ஆயிலில் பெரும்பங்கு ‘பேஸ் ஆயில்’தான். தேய்மானத்தைத் தடுக்க, அழுக்கைக் கழுவ, நுரையை அடக்க என்று சேர்க்கும் ரசாயனங்கள் மீதி. மினரல், செமி, ஃபுல்லி சிந்தெடிக் என்ற பேதமெல்லாம் இந்தப் பேஸ் ஆயிலை வைத்துத்தான். சென்னை மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் (சிபிசிஎல்) ஆலையில் பெட்ரோல், டீசலோடு பேஸ் ஆயிலும் தயாராகிறது.

● அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏபிஐ) பேஸ் ஆயிலை ஐந்து குரூப்பாகப் பிரித்திருக்கிறது. முதல் மூன்றும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பவை. குரூப் எண் ஏற ஏற சுத்தமும் கூடும். நான்காவது, ரசாயன ஆலையில் சிறு மூலக்கூறுகளை இணைத்து உருவாக்கும் பிஏஓ. எஸ்டர் போன்ற மற்றவை எல்லாம் ஐந்தாவது குரூப்.

● ‘சிந்தெடிக்’ என்று போட்டிருந்தாலும் அது கச்சா எண்ணெயிலிருந்து வந்ததாக இருக்கலாம்! 1990களின் கடைசியில், காஸ்ட்ரால் நிறுவனம் தன் சிந்தெடிக் ஆயிலில் பிஏஓவுக்குப் பதிலாக குரூப் 3 ஆயிலைப் பயன்படுத்தியது. ‘இதைச் சிந்தெடிக் என்று விற்கலாமா?’ என்று போட்டி நிறுவனமான மொபில் புகார் கொடுத்தது. அமெரிக்க விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999-ல் காஸ்ட்ராலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஹைட்ரஜன் செலுத்தி மூலக்கூறுகளையே மாற்றி அமைப்பதால், குரூப் 3-ஐயும் சிந்தெடிக் என்று சொல்லலாம் என்றாகிவிட்டது.

● செமி சிந்தெடிக் என்றால் பாதிக்குப் பாதி என்று நினைக்கிறீர்களா? அப்படி எந்த விதியும் கிடையாது. மினரலோடு இவ்வளவு சதவீதம் சிந்தெடிக் கலந்தால்தான் அந்தப் பெயரை வைக்கலாம் என்று ஏபிஐ எந்த வரம்பும் விதிக்கவில்லை. கலவை விகிதத்தைக் கேனில் அச்சிடும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. இரண்டு நிறுவனங்களின் ‘செமி’ ஒன்றுபோல இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

● கேனில் உள்ள 5டபிள்யூ-30 போன்ற கிரேடில் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும். முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு; பின்னால் உள்ளது இன்ஜின் சூடேறியபின் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. ‘நம்ம ஊரில் என்ன பனியா பெய்கிறது?’ என்று முதல் எண்ணை ஒதுக்கிவிடாதீர்கள். சாதாரண 5டபிள்யூ-30 ஆயில், 100 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 40 டிகிரியில் சுமார் ஐந்தாறு மடங்கு கெட்டி. காலையில் சாவியைத் திருப்பும்போது சென்னையிலும் ஆயில் கெட்டியாகத்தான் இருக்கும். அது மேலே ஏறி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்வரை தேய்மானம் அதிகம்.

● ‘சிந்தெடிக் தண்ணி மாதிரி இருக்கும், பழைய வண்டிக்கு ஆகாது’ என்பது தவறான பேச்சு. கிரேடு வேறு, வகை வேறு. ஒரே கிரேடில் வரும் மினரலும் செமியும் சூட்டில் ஒரே கெட்டி வரம்புக்குள்தான் இருக்க வேண்டும். வித்தியாசம் தாக்குப்பிடிப்பதில். சூட்டில் நீர்த்துப் போகாமலிருக்க ஆயிலில் பாலிமர் சேர்ப்பார்கள். ஓட ஓட இந்தப் பாலிமர் இழைகள் அறுபட்டு ஆயில் நீர்க்கும். சிந்தெடிக்கில் சூட்டைத் தாங்கி நீர்க்காத தன்மை இயல்பாகவே இருப்பதால் பாலிமர் குறைவாக இருந்தாலே போதும். செமி இரண்டுக்கும் நடுவில்.

● முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி இன்ஜின்களுக்கு ஊற்றியது எதை என்று தெரியுமா? விளக்கெண்ணெய்! வாயிலும் மூக்கிலும் தெறித்த எண்ணெயால் விமானிகளுக்கு வயிறு கலங்கியதாகவும் சொல்வார்கள். ரசாயனக் கணக்கில் அதுவும் ஒரு வகை எஸ்டர்தான்.

● ஜெட் இன்ஜின்களின் சூட்டையும் குளிரையும் தாங்க மினரல் ஆயிலால் முடியவில்லை, அங்கே சிந்தெடிக்தான். போர் விமானியாக இருந்த ஆல்பர்ட் அமாட்டூசியோ, ‘கார்களுக்கும் இது ஏன் கூடாது?’ என்று யோசித்தார். அவருடைய ஆம்சாயில் 1972-ல் ஏபிஐ தரத்தை எட்டியது. மொபில் 1 வந்தது 1974-ல்.

● ‘புது வண்டிக்கு முதலில் மினரல்தான் போட வேண்டும்’ என்பார்கள். ஆனால், செவர்லே கார்வெட் கார்கள் 1992-லிருந்தே சிந்தெடிக் ஆயிலோடுதான் தொழிற்சாலையைவிட்டு வெளியே வருகின்றன.

● அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் (ஏஏஏ) 2017-ல் மினரல், சிந்தெடிக் ஆயில்களைச் சோதித்தது. சிந்தெடிக் சராசரியாக 47 சதவீதம் மேல் என்று முடிவு வந்தது. அப்போது ஒருமுறை ஆயில் மாற்றும் செலவு மினரலுக்கு 38 டாலர், சிந்தெடிக்குக்கு 70 டாலர். செமியின் இடம் இந்த இடைவெளியில்தான்.

● வழியில் ஆயில் குறைந்துவிட்டது, உங்கள் வகை கிடைக்கவில்லை. பயப்படாமல் வேறு வகையை ஊற்றி நிரப்பலாம். ஏபிஐ தரச் சான்று பெறும் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும் தன்மை உடையவையாக இருக்க வேண்டும் என்பது விதி. ‘ஒருமுறை சிந்தெடிக் போட்டால் திரும்ப மாறவே கூடாது’ என்பதும் கட்டுக்கதை.

● டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாகத் தெரிந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கரியை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னுள் மிதக்கவைப்பது ஆயிலின் வேலை. மாற்ற வேண்டுமா என்பதை நிறம் சொல்லாது. கிலோமீட்டரும் மாதமும்தான் சொல்லும்.

● வண்டி குறைவாக ஓடினால் ஆயில் நீடிக்குமா? நீடிக்காது. கடைத்தெரு, பள்ளிக்கூடம் என்று பக்கத்திலேயே ஓட்டி நிறுத்தினால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. ஆயிலில் சேர்ந்த நீராவியும் பெட்ரோலும் ஆவியாக வழியில்லாமல் தங்கிவிடும். ‘இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது’ என்று எழுதியிருப்பது அதனால்தான். செமி போட்டதாலேயே இந்தக் கெடு நீளாது.

● பிஎஸ்6 டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் (டிபிஎஃப்) இருக்கும். பிடித்த கரி எரிந்துவிடும். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாமல் தங்கி அடைக்கும். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த சிந்தெடிக்கும் வீண்.

● கேனில் மிச்சமிருக்கும் கார் ஆயிலை பைக்கில் ஊற்றாதீர்கள். உராய்வைக் குறைக்க அதில் சேர்த்திருக்கும் பொருள், ஆயிலிலேயே ஊறியிருக்கும் பைக் கிளட்சை வழுக்கவைக்கும். கியர் பைக்குக்கு ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ முத்திரை உள்ள ஆயில்தான்.

● வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டுவது குற்றம். பழைய ஆயிலைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு, 2024 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் ஆயில் தயாரிப்பாளர்கள் மீதும் விழுந்திருக்கிறது.

சரி, எதைப் போடுவது? வண்டியோடு வந்த மேனுவலைத் திறந்து கிரேடையும், ஏபிஐ அல்லது ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் (ஏசிஇஏ) தரக்குறியீட்டையும் பாருங்கள். அந்த இரண்டும் செமி சிந்தெடிக் கேனின் பின்பக்கத்தில் இருந்தால் தாராளமாகப் போடலாம். மினரல் கேனில் இருந்தால், நெடுந்தூரமும் நெரிசலும் இல்லாத சாதாரண ஓட்டத்துக்கு அதுவே போதும். கெடு தவறாமல் மாற்றினால் சரி. டர்போ வண்டிக்கு ஃபுல்லி சிந்தெடிக் என்று மேனுவல் சொன்னால் பேரம் பேசாதீர்கள். பில் போடுவதற்கு முன் கேனைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள்; முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம், பின்பக்கத்தில் இருப்பதுதான் விவரம்.